பவாருவா உறையாததற்குக் காரணம் அன்னாசிதான்

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தும் பவாருவா (கஸ்டர்டில் ஜெலட்டினும் அடித்த க்ரீமும் கலந்து அச்சில் உறையவைக்கும் பிரெஞ்சு இனிப்பு) அச்சிலிருந்து கூழாக வழிகிறது, ஜெலட்டினை இரண்டு மடங்காக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நீங்கள் போட்டது வேகவைக்காத அன்னாசி, அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி ஜெலட்டினின் புரதத்தையே அறுத்துவிடும். பச்சைப் பப்பாளியும் இதே வேலையைத்தான் செய்யும். பழத்தைச் சர்க்கரையோடு 5 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்துச் சேருங்கள், சரியாகிவிடும்.

அப்புறம், நம்ம புதுச்சேரிப் புழுக்கத்தில் க்ரீம் அடிக்கும்போதே இளகிவிடும், அதனால் கிண்ணத்தையும் கம்பியையும் முன்னாடியே ஃப்ரீசரில் வையுங்கள், பாக்கெட்டில் கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். கஸ்டர்டைத் தொட்டால் சூடே தெரியக் கூடாது. ஓரம் லேசாக இறுகத் தொடங்கும்போது க்ரீமை அடியிலிருந்து மெல்லப் புரட்டிக் கலக்குங்கள். சைவமாக வேண்டுமென்றால் ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி (அகர் அகர்) போடலாம், அதை அன்னாசி ஒன்றும் செய்யாது, ஆனால் வெதுவெதுப்பிலேயே இறுகிவிடும், கை வேகம் வேண்டும்.