ஒற்றை எஞ்சின் நின்றுவிட்டால்?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் விமானி பயிற்சியில் சேர வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில்தான் பயிற்சியாம். அதற்கு இருப்பதோ ஒரே எஞ்சின். நடுவானில் அது நின்றுபோனால் என்ன கதி? எங்கள் ஊர் ஆடிக்காற்றை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.
— வாசகி ஒருவர், ஆரல்வாய்மொழி

பதில்: உங்கள் பயம் நியாயமானதே. ஆனால் எஞ்சின் நின்ற மாத்திரத்தில் விமானம் கல்லைப் போல விழுந்துவிடாது. அதைத் தூக்கிப் பிடிப்பது இறக்கை. இறக்கையின் மேல் காற்று ஓடுவதற்கு வேண்டிய வேகத்தைக் கொடுப்பதுதான் எஞ்சினுக்கும் புரொப்பல்லருக்கும் உள்ள வேலை. எஞ்சின் நின்றதும் விமானி மூக்கைச் சற்றே தாழ்த்தி, மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டால், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து, காற்றில்லாத நாளில், சுமார் 9 கிலோமீட்டர் தூரம் சறுக்கி வரலாம்.

உங்கள் கணவாயில் மேற்கிலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் நாளில், நாகர்கோவிலை நோக்கித் திரும்பினால் அந்தத் தூரம் 6 ஆகக் குறையும். முப்பந்தலை நோக்கித் திரும்பினால் 12 ஆகக் கூடும், ஆனால் காற்றாலைகளுக்கு நடுவே இறங்க இடம் கிடைப்பது அரிது. அதே காற்றை எதிர்கொண்டு தரையிறங்கும்போது, தரையைத் தொடும் வேகம் வெகுவாகக் குறைவதால், அது விமானிக்குத் துணையாகிவிடுகிறது.

1955இல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தை வடிவமைத்தவர்கள், எஞ்சின் எளிதில் நிற்காதபடியும் பார்த்துக்கொண்டார்கள். நான்கு சிலிண்டர்களும் காற்றிலேயே குளிர்வதால் ரேடியேட்டர் ஒழுகும் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னட்டோக்கள். இவை தாமே மின்சாரம் உண்டாக்கிக்கொள்வதால், பேட்டரி செத்துப்போனாலும் ஓடுகிற எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். புறப்படுமுன் சாவியைத் திருப்பி ஒரு மேக்னட்டோவை மட்டும் நிறுத்திப் பார்ப்பார்கள். எஞ்சின் சுற்று கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் குறைந்தால் அன்று விமானம் கிளம்பாது. இறக்கை மேலே இருப்பதிலும் ஒரு நன்மை உண்டு: பழைய கார்புரேட்டர் மாடல்களில், இறக்கைக்குள் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் பம்ப் இல்லாமலேயே எஞ்சினுக்கு இறங்கி வரும்.

என்னைக் கேட்டால், காற்றைவிட நீங்கள் அஞ்ச வேண்டியது பெட்ரோலில் கலக்கும் தண்ணீரைத்தான். கடலோர ஈரக்காற்றில், பாதி காலியான டேங்கினுள் இரவில் நீர் படியும். அதனால்தான் பறக்கும் முன் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். இளநீலப் பெட்ரோலுக்கு அடியில் நிறமில்லாமல் தங்குவது தண்ணீர். உங்கள் மகளைச் சேர்க்கும் முன், இந்தச் சோதனையை மாணவர்களே தினமும் செய்கிறார்களா என்றும், எஞ்சின் நின்றதாக வைத்துக்கொண்டு இறங்கும் பயிற்சி எத்தனை முறை தரப்படும் என்றும் பயிற்றுநரிடம் நேரில் கேளுங்கள்.