சிரட்டைக் கரிப் பொட்டலம் மாம்பழத்தைக் காக்குமா?

கேள்வி: சிங்கப்பூர்த் தேக்காவில் பழக்கடை வைத்திருக்கிறேன். பங்கனப்பள்ளி மூன்றே நாளில் கனிந்து கறுத்துவிடுகிறது. தேங்காய்ச் சிரட்டைக் கரிப் பொட்டலத்தைப் பெட்டிக்கு ஒன்று போட்டால் இரண்டு வாரம் தாங்கும் என்கிறார் ஒரு முகவர். 100 பொட்டலம் எடுத்தால்தான் தருவாராம். வாங்கலாமா?

பதில்: 100 வேண்டாம். ஐந்து கேளுங்கள். மறுத்தால் அத்தோடு விடுங்கள்.

மாங்காய் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும். அந்த வாயுவைப் பிடிப்பதுதான் பொட்டலத்தின் வேலை. அடுப்புக் கரி இதற்கு உதவாது. 800, 900 டிகிரியில் நீராவி பாய்ச்சி நுண்துளை ஏற்றிய கரி வேண்டும். அதிலும் நம் ஊர் ஈரக்காற்றில் துளைகளைத் தண்ணீரே அடைத்துக்கொள்ளும். ஆகவே எத்திலீனைச் சிதைக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்ப்பதுண்டு. கரிக்குப் பதில் வெள்ளை மணிகளில் ஏற்றினால் அது ஊதாவாகத் தெரியும், தீர்ந்தால் பழுப்பாகும். கறுப்புக் கரியிலோ தீர்ந்ததா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விற்பவருக்கு எவ்வளவு வசதி பாருங்கள்! எதுவானாலும் உள்ளிருப்பது பழத்தில் படக்கூடாது.

திறந்த தட்டில் வைத்தால் காசு வீண். மஞ்சளாகிவிட்ட பழத்துக்கும் பயனில்லை. அது தானே எத்திலீனைக் கொட்டிக்கொண்டிருக்கும். மூடிய பெட்டியில் பச்சைக் காய்க்குத்தான் பலன். ஒரே அறையில் கனிந்த வாழை, பப்பாளி இருந்தால் பலன் கூடுதலாகவே தெரியும். ஆனால் அவற்றை வேறு இடத்துக்கு மாற்றினாலே போதுமே, அதற்குச் செலவில்லை.

கறுப்பு வேறு சங்கதி. அது பெரும்பாலும் தோட்டத்திலேயே தோலில் ஒட்டி, பழம் கனியும்வரை பதுங்கியிருக்கும் பூஞ்சை. கரி அதைத் தொடாது. 2021இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஹார்வர்டும் மக்காச்சோளக் கழிவுப் புரதத்தில் தைம் எண்ணெயும் சிட்ரிக் அமிலமும் சேர்த்து, பூஞ்சையை எதிர்க்கும் உறை செய்தன. சாதாரணப் பெட்டியில் நான்கு நாள் தாங்கிய ஸ்ட்ராபெரி அதில் ஏழு நாள் தாங்கியது. செய்தி நாளிதழில் வரும், உங்கள் கடைக்கு வருவதோ முகவர்தான்.

'மட்கும் பொட்டலம்' என்று கூடுதல் விலை கேட்டாலும் கொடுக்காதீர்கள். இங்கே பொதுக் குப்பை எரியுலைக்குத்தான் போகிறது.

பொட்டலத்தை இப்படிச் சோதித்துப் பாருங்கள்: ஒரே சரக்கில் பச்சைக் காய் 12 ஒரு மூடிய பெட்டியில், 12 இன்னொன்றில். ஒன்றில் மட்டும் பொட்டலம். இரண்டையும் 13 டிகிரியில் வையுங்கள். 10க்குக் கீழே போனால் தோல் சாம்பலாகிக் குழி விழும், சரியாகப் பழுக்காது. மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நாள் அழுத்திப் பார்த்து எழுதி வையுங்கள். முகவர் அடுத்த முறை வரும்போது அந்தத் தாளைக் காட்டிப் பேசுங்கள்.