எல் நினோ அறிவிப்பு வந்தால் கடல்பாசியை எப்போது அறுப்பது?

கேள்வி: இந்தியப் பெருங்கடலோரம் கயிறு கட்டிக் கப்பாபைகஸ் பாசி வளர்க்கிறேன். எல் நினோ வந்துவிட்டது என்று செய்தி வந்ததும் பயந்துபோய்ப் பாதி வளர்ச்சியிலேயே அறுத்துவிட்டேன். கடலில் ஒன்றும் ஆகவில்லை. சில மாதம் கழித்து நட்ட பாசிதான் வெள்ளை வெள்ளையாகி உதிர்ந்தது. இனி எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: செய்தி வந்த மாதம் வேறு, உங்கள் கயிற்றடியில் நீர் சூடாகும் மாதம் வேறு. நட்டம் வந்தது இந்த இடைவெளியால்தான்.

எல் நினோ நடப்பது பசிபிக்கில். அங்கே கிழக்கிலிருந்து வீசும் காற்று தளர்ந்ததும், மேற்கில் குவிந்து கிடந்த சூடான நீர் கிழக்கே நகர்கிறது. பெரும்பாலும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவே உச்சம். அந்த நீர் உங்கள் கடலுக்கு வருவதில்லை, அதன் பாதிப்பு வானம் வழியாக வருகிறது. இந்தியப் பெருங்கடலின் பெரும்பகுதியில் மேகம் குறைந்து வெயில் கூடும், காற்று மந்தமாகும், ஆவியாகிக் குளிர்வதும் குறையும். கடல் சட்டென்று சூடேறாது. பசிபிக் உச்சத்துக்கு மூன்று முதல் ஆறு மாதம் கழித்துத்தான் இந்தப் பக்கம் முழுவதும் வெதுவெதுப்பு பரவும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இங்கே பவளப்பாறைகள் வெளுத்ததும் எல் நினோ உச்சத்துக்குப் பிந்தைய மாதங்களில்தான்.

இன்னொரு குழப்பம், ‘கடல் வெப்ப அலை’ என்ற அறிவிப்பு. ஓர் இடத்தில் அந்தந்த நாளுக்குரிய 30 ஆண்டுப் பதிவுகளில் மேல் பத்து சதவீதத்துக்குள் வரும் சூடு, ஐந்து நாளாவது நீடித்தால் அப்படிச் சொல்வார்கள். அதாவது அது வழக்கத்தோடு ஒப்பிட்ட கணக்கு. குளிர்ந்த மாதத்தில் 28 டிகிரி இருந்தாலும் வெப்ப அலை என்று அறிவிப்பு வரலாம், பாசிக்கு அது சுகமான நீர். ஏற்கெனவே 30, 31-ல் நிற்கும் மாதத்தில் இரண்டு டிகிரி கூடினால்தான் ஆபத்து. 33-ஐத் தாண்டி நின்றால் பாசி தாங்காது. ஆகவே அறிவிப்போடு வரும் வரைபடத்தின் சிவப்பு நிறத்தை விட்டுவிட்டு டிகிரியைப் பாருங்கள்.

எல் நினோ இல்லாத ஆண்டு பத்திரம் என்றும் நினைக்காதீர்கள். 2011 தொடக்கத்தில் லா நினா, அதாவது எல் நினோவுக்கு நேர்மாறான நிலை, வலுவாக இருந்தபோதுதான் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் நீர் கொதித்துப்போய், கெல்ப் என்ற பெரிய பழுப்புப் பாசியின் காடுகள் பெருமளவு அழிந்தன. இந்தியப் பெருங்கடல் இருமுனையும் உண்டு, அதாவது இந்தக் கடலின் மேற்கும் கிழக்கும் சூட்டில் எதிரெதிராக மாறும் நிலை. அது நேர்மறையானால் மேற்குப் பகுதி சூடாகி, சுமத்ரா பக்கம் குளிரும், எதிர்மறையானால் தலைகீழ். எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே நல்லதும் கெட்டதும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? ஒரு வெப்பமானியைக் கயிறு இருக்கும் ஆழத்திலேயே கட்டி, காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் குறித்து வையுங்கள். காற்றே இல்லாத நாளில் மேல் அடுக்குதான் மிகவும் சூடாகும், ஒரு மீட்டர் கீழே வித்தியாசம் கையிலேயே தெரியும். பிற்பகல் அளவு 31-ஐத் தாண்டத் தொடங்கினால், ஆழம் இருக்கும் இடத்தில் கயிற்றை இறக்குங்கள். நீரோட்டம் அதிகமுள்ள பக்கம் மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. நீரோட்டம் உரமும் கொண்டுவரும், சூடான மேலடுக்கு அடியிலிருந்து சத்து மேலே வரவிடாது.

தண்டின் நடுவில் கண்ணாடிபோல் வெளுத்து, தொட்டால் மெத்தென்று இருக்கும் திட்டு தெரிந்தால் அதுதான் ஐஸ் ஐஸ் நோய். வெப்பத்தில் சோர்ந்த தண்டில் பாக்டீரியா புகுந்துகொள்கிறது. மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம், பயனில்லை. வெளுத்த துண்டுகளைக் கிள்ளிக் கரையில் போடுங்கள், கடலில் விடாதீர்கள். 40 நாளைத் தாண்டிய பாசி என்றால் உடனே அறுத்துவிடுங்கள், 45 நாள் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கனமழையில் கடல்நீரின் உப்பு குறைந்தாலும் இதே நோய் வரும்.

அடுத்த முறை எல் நினோ அறிவித்தால் அறுவடையில் கை வைக்காதீர்கள், நடவு நாளை மட்டும் திட்டமிடுங்கள். பசிபிக் உச்சத்துக்கு அடுத்த மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் முழுப் பரப்பில் நட வேண்டாம். விதைப்பாசியை மட்டும் ஆழமான, ஓட்டமுள்ள இரண்டு வேறு இடங்களில் பிரித்து வையுங்கள். பிற்பகல் அளவு 30-க்குக் கீழே இறங்கிப் பத்து நாளாவது அப்படியே நின்றபிறகு, அந்த விதையிலிருந்து நடவைத் தொடங்கலாம்.