மாவுக்கட்டு பிரித்த காலை வெடுக்கென்று இழுக்கலாமா?

கேள்வி: கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்தேன். பிரித்து ஐந்து நாள் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நடக்கும்போது கெண்டைக்கால் இழுக்கிறது; குத்தவைத்து உட்கார்ந்தால் குதிகால் தரையில் படவில்லை. எண்ணெய் போட்டு உருவி, வெடுக்கென்று இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமா. சதை கிழிந்துவிடாதா?

பதில்: கிழிய வாய்ப்பு உண்டு, மாமாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கட்டுக்குள் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் கெண்டைக்கால் தசை அத்தனை நாளும் சுருங்கியே கிடந்திருக்கும். தசை இழை என்பது சார்கோமியர் என்னும் நுண்ணிய அலகுகளைச் சங்கிலிக் கண்ணி போலக் கோத்தது. சுருங்கிய நிலையிலேயே விட்டால் உடம்பு கண்ணிகளையே குறைத்துவிடும். 1972-ல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரம் அப்படிக் கட்டிவைத்த பூனைகளின் கெண்டைக்கால் தசையில் சுமார் 40 சதவீதக் கண்ணிகள் குறைந்திருந்தன. போதாக்குறைக்கு, இழைகளைச் சுற்றியுள்ள இணைப்புத்திசு விறைக்கும். தசையும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாணும் சேரும் இடத்தில் பிடிமானம் குறையும். தொட்டால் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் வழக்கத்தைவிடக் குறைந்த விசையிலேயே கிழியும்.

நல்ல சேதி, அதே பூனைகளுக்குக் கட்டு பிரித்த நான்கு வாரத்தில் கண்ணிகள் திரும்பிவிட்டன. சுண்டெலிகளில், கட்டுப் போட்டிருந்த நாட்களிலேயே, தினம் அதைக் கழற்றி அரை மணி நேரம் தசையை நீட்டி வைத்தது கண்ணிக் குறைவைத் தடுத்தது. மனிதருக்கு நாள் கணக்கு மாறலாம். ஆனால் பலன் தருவது வேகமல்ல, நீட்டி வைத்திருக்கும் நேரம்.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, காலை நீட்டி உட்காருங்கள். முன்பாதத்தில் துண்டைச் சுற்றி உங்கள் பக்கமாக மெல்ல இழுத்து முப்பது விநாடி பிடியுங்கள். இழுப்பு தெரியலாம், சுரீர் என்று வலிக்கக் கூடாது. நான்கைந்து முறை, ஒரு நாளில் மூன்று வேளை. அப்புறம் முழங்காலைச் சற்று மடக்கியும் செய்யுங்கள். உள்ளே இருக்கும் தசைக்கு அதுதான் எட்டும். நீட்டுவது மட்டும் போதாது, பலமும் வேண்டும்: முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பழகியபின் நின்று, இரண்டு காலில். கட்டுப் போட்டிருந்த காலில் மட்டும் நின்று சிரமமில்லாமல் குதிகாலைத் தூக்க முடிகிறவரை ஓடுவதும் குதிப்பதும் வேண்டாம். ஓடும் பஸ்ஸில் தாவி ஏறுவதும் இதில் சேர்த்திதான்.

எண்ணெய் தடவுவதில் தப்பில்லை, அழுத்தி உருவுவதுதான் கூடாது. அசையாமல் கிடந்த காலில் இரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.