மைக்ரோகிராம் எண்ணை மட்டும் பார்த்து ஆஸ்துமா இன்ஹேலரை மாற்றலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. ஆஸ்துமாவுக்காக பியூடசோனைடு 200 மைக்ரோகிராம் இன்ஹேலரைக் காலையும் இரவும் ஒவ்வொரு முறை உறிஞ்சுமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இம்முறை கடையில் அது இருப்பில் இல்லை. ஃபுளூட்டிகசோன் 125 விலை குறைவு, அதுவும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் என்கிறார் கடைக்காரர். எண் குறைந்தால் வீரியமும் குறையுமா? மாற்றி வாங்கலாமா?

பதில்: எண் குறைவாக இருப்பதால் வீரியம் குறைவு என்று கொள்ள வேண்டாம். பெரியவர்களுக்கான குறைந்த அளவு என்று ஆஸ்துமா சிகிச்சை வழிகாட்டுதல்கள் குறிப்பிடுவது, நாளொன்றுக்கு பியூடசோனைடில் 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை. ஃபுளூட்டிகசோன் புரோபியோனேட்டில் 100 முதல் 250 வரை. சிக்லசோனைடில் 80 முதல் 160 வரை மட்டுமே. ஆகவே நீங்கள் எடுக்கும் 400 மைக்ரோகிராம் பியூடசோனைடும், கடைக்காரர் காட்டிய மருந்தை இருவேளை எடுத்தால் வரும் 250 மைக்ரோகிராமும் ஏறத்தாழ ஒரே படியில் நிற்பவை. ஃபுளூட்டிகசோன் ஃபுயூரோயேட் என்று இன்னொன்றும் உண்டு. அது நாளுக்கு ஒருமுறை எடுக்கும் வேறு மருந்து என்பதால், பெயரின் பின்பாதியையும் படித்துத்தான் வாங்க வேண்டும்.

இருப்பினும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். ஹெச்.ஐ.வி. சிகிச்சையில் தரப்படும் ரிட்டோனாவிர் போன்ற சில மருந்துகள் இந்த ஸ்டீராய்டுகளின் அளவை உடலில் வெகுவாக உயர்த்திவிடும். கர்ப்ப காலத்தில் நீண்ட அனுபவம் உள்ளது பியூடசோனைடு என்பதையும் மருத்துவர் கருத்தில் கொண்டிருக்கலாம். அதைவிட முக்கியமானது கருவி. குப்பியை அழுத்தி உறிஞ்சும் இன்ஹேலரில் மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சிழுக்க வேண்டும். மாத்திரைக் கூட்டில் பொடியாக வரும் மருந்தையோ வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பழக்கமில்லாத கருவியில் தவறாக இழுத்தால், எவ்வளவு நல்ல மருந்தும் நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலேயே படிந்துவிடும். மருத்துவரைத் தொடர்புகொள்ளும்வரை அதே பியூடசோனைடை வேறு கடைகளில் தேடுங்கள். மருந்தை இடையில் நிறுத்திவிடாதீர்கள்.

விலையை ஒப்பிடும்போது பெட்டியின் விலையைப் பார்க்காமல் ஒரு நாளைய செலவைக் கணக்கிடுங்கள். 200 முறை உறிஞ்சக்கூடிய குப்பி, நாளுக்கு இரண்டு என்றால் 100 நாள் வரும். 120 முறைக்கானது 60 நாளில் தீர்ந்துவிடும். விலை குறைந்ததாகத் தோன்றிய பெட்டி, பல நேரங்களில் இந்தக் கணக்கில் கூடுதலாகிவிடுகிறது.

மிச்சமாகும் பணத்தில் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் குழல்) ஒன்று வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். குப்பி இன்ஹேலரோடு அதைப் பொருத்தினால் தொண்டையில் படியும் மருந்து குறைகிறது. குரல் கம்முவதும் வாயில் வெண்படலம் படர்வதும் குறைகின்றன. ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பவும் வேண்டும்.

இன்னும் எத்தனை முறை உறிஞ்சலாம் என்ற எண்ணிக்கையைக் காட்டும் இன்ஹேலராகவே கேட்டு வாங்குங்கள். அந்த வசதி இல்லாத குப்பியில் மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் பீச்சிக்கொண்டே இருக்கும். அதனால் அத்தகைய குப்பி கிடைத்தால், தொடங்கிய தேதியையும் தீரவேண்டிய தேதியையும் அதன் மேலேயே எழுதி வையுங்கள்.