கம்ப்யூட்டர் கேள்வி பதில்: யானை வாங்கினால் அங்குசமும் வாங்குங்கள்

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு பொறியியல் சேரப் போகிறான். படிப்புக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் கேட்கிறான். மானிட்டரோடு 80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடையில் தந்த கொட்டேஷன் இது: இன்டெல் ஐ7-12700 ப்ராசசர், 16 ஜிபி ரேம் (ஒரே குச்சி), ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆறு விசிறி வைத்த கண்ணாடி கேபினட், ‘450 வாட் கேமிங் எஸ்எம்பிஎஸ்’, 22 இன்ச் மானிட்டர். வாங்கலாமா?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: வேண்டாம். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. ‘ஐ7’ என்றால் அப்பாக்களுக்குப் பிடிக்கும், கலர் கலராக விளக்கு எரிந்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். நானும் சென்னை ரிச்சி தெருவில் பதினோரு வருஷம் ஸ்குரூ டிரைவர் பிடித்தவன்தான். இதே மாதிரி கொட்டேஷன்களை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். தம்பி ஹாஸ்டலில் தங்கப் போகிறானா? அப்படியென்றால் டெஸ்க்டாப் பேச்சே வேண்டாம், லேப்டாப் வாங்கிக் கொடுங்கள். வீட்டிலிருந்து போய்வருகிறான் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

கேம் ஓடுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டில். ஜிடிஎக்ஸ் 1650 வந்தது 2019-ல். அதற்கு இருப்பது 4 ஜிபி நினைவகம். ஒளி பட்டுத் தெறிப்பதை நிஜம்போலக் கணக்கிட்டுக் காட்டும் ‘ரே டிரேசிங்’ வன்பொருளும் அதில் கிடையாது. அது இல்லாவிட்டால் திறக்கவே மறுக்கும் கேம்கள் 2024-லிருந்து வரத் தொடங்கிவிட்டன. இந்தக் கார்டுக்குப் பக்கத்தில் 12 கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிதான் கோர்) ஐ7-ஐ உட்கார வைத்தால், கார்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், ஐ7 கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

கேமுக்கு ஆறு கோர் தாராளம். ஏஎம்டி ரைசன் 5 5600, இல்லையென்றால் இன்டெல் ஐ5-12400எஃப். இரண்டிலுமே ஆறு கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்). டப்பாவில் வரும் விசிறியே போதும், தனியாக கூலர் வேண்டாம். மிச்சமாகும் பணத்தைக் கார்டில் போடுங்கள். மானிட்டருக்கு எடுத்து வைத்தது போக மீதியில் 40 சதவீதம் கார்டுக்குப் போகலாம் என்பது என் கணக்கு. ஆர்டிஎக்ஸ் 5060 கிடைத்தால் அது, பழைய ஸ்டாக்கில் 4060 விலை குறைவாக வந்தால் அது. இரண்டுமே 8 ஜிபி. ஏஎம்டி கார்டுகள் மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தம்பி பொறியியல் படிக்கிறான். மூன்றாம் வருஷம் ஏஐ புராஜெக்ட் என்று வந்து நிற்கும்போது ஆர்டிஎக்ஸ் செய்யும் என்விடியாவின் கார்டில் உள்ள, கிராபிக்ஸ் கார்டையே கணக்குப் போட வைக்கும் ‘கூடா’ வசதி கைகொடுக்கும்.

மதர்போர்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் போகும் பாதைக்குப் பிசிஐஇ என்று பெயர், அதன் தடங்கள்தான் லேன். நான் சொன்ன இரண்டு கார்டுகளும் எட்டு லேனில் மட்டும் ஓடுபவை, அதனால் லேனின் வேகம் முக்கியம். ரைசன் 5600-க்கு விலை குறைவு என்று ஏ520 போர்டு போட்டால் கார்டுக்குப் பிசிஐஇ 3 வேகம்தான் கிடைக்கும். பி550 வாங்கினால் அதைவிட வேகமான பிசிஐஇ 4. சில ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம், அதைக் கொடுத்துவிடுங்கள். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) புதுசுதானே, பின்னால் ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று தம்பி கேட்பான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் புதுத் தலைமுறை டிடிஆர்5 ரேம்தான் போட முடியும். மானிட்டரையும் சேர்த்து இந்தத் தொகையில் அடங்காது. மானிட்டர் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் தாராளமாக ஏஎம்5 போங்கள்.

ரேம் 16 ஜிபி சரி, ஆனால் ஒரே குச்சியாக வேண்டாம். எட்டு எட்டாக இரண்டு போட்டால்தான் இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தகவல் போகிற மாதிரி ஓடும். விலை எதையும் நான் எழுதாததைக் கவனித்திருப்பீர்கள். 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்கென்று சிப்பெல்லாம் அந்தப் பக்கம் போக, ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நான் எழுதிய விலை பொய்யாகிவிடும்.

இனி அந்த எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டப்பா. 2013 சித்திரையில் ஒருவருக்கு ஒரு மெஷின் கட்டிக் கொடுத்தேன். கார்டுக்கு நல்ல செலவு. கேபினட்டோடு இலவசமாக வந்த ‘450 வாட்’ டப்பாவையே மாட்டிவிட்டேன். மூன்றாம் வாரம் பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை. எஸ்எம்பிஎஸ் தனியாகப் போகவில்லை, கார்டையும் போர்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனது. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசியதன் பலன். பாதிப் பணம் என் கையிலிருந்து போனது.

அப்புறம்தான் அந்த டப்பாவின் லேபிளை ஒழுங்காகப் படித்தேன். நீங்களும் கடையிலேயே படியுங்கள். ‘12வி’ என்ற கட்டத்தில் ஆம்பியர் எண் இருக்கும். அதை 12-ஆல் பெருக்கினால், ப்ராசசருக்கும் கார்டுக்கும் உண்மையில் எவ்வளவு போகும் என்று தெரிந்துவிடும். என் டப்பாவில் 16 ஆம்பியர். அதாவது 192 வாட்! நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 45 ஆம்பியரையொட்டி இருக்கும், 540 வாட். உங்களுக்கு, மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான ‘80 பிளஸ் பிரான்ஸ்’ சான்று உள்ள 550 வாட் போதும். கையில் தூக்கியும் பாருங்கள், நல்லது கனமாக இருக்கும்.

கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வைத்தது வாங்குங்கள். திண்டுக்கல் வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் ஆறு விசிறி சுற்றினாலும் உள்ளே இழுக்கக் காற்று வேண்டாமா? மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை படம் மாறுவது) என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு 144-க்கு மேல் கேளுங்கள். எஸ்எஸ்டி 1 டிபி இருந்தால் நல்லது, ஒரே கேம் 100 ஜிபியைத் தாண்டுகிறது. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணும் ஏறட்டும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வாரண்டிக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்?

கேள்வி: ரைசன் 5 5600ஜி, ஆர்டிஎக்ஸ் 3060, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று பார்த்துப் பார்த்து வாங்கி நானே அசெம்பிள் செய்தேன். கேம் என் பழைய லேப்டாப்பில் ஓடிய மாதிரியே திக்கித் திக்கி ஓடுகிறது. கார்டு பழுதா?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நீங்களே அசெம்பிள் செய்ததற்கு முதலில் ஒரு சபாஷ். கார்டைக் கழற்றாதீர்கள். மெஷினுக்குப் பின்னால் போய் மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். மேலே, யூஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில்தானே? அது மதர்போர்டு. உங்கள் ப்ராசசரின் பெயர் ‘ஜி’ என்று முடிகிறது, அதற்குள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் உண்டு. அதனால் அங்கே சொருகினாலும் படம் வருகிறது, 3060 பாட்டுக்குத் தூங்குகிறது. ‘ஜி’ இல்லாத வெறும் 5600 வாங்கியிருந்தால் திரை கருப்பாகவே இருந்து முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும். கேபிளைக் கீழே, படுக்கைவாட்டத்தில் கார்டில் இருக்கும் துளைக்கு மாற்றுங்கள்.

அதோடு விடாதீர்கள். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட் 60 என்றே இருக்கும், 165-க்கு மாற்றுங்கள். அந்த எண்ணே பட்டியலில் வரவில்லை என்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டுப் பாருங்கள். பிறகு பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்பு) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்துக்குக் கொண்டுவரும் வசதி. 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம், அதை இயக்காதவரை 2133-லோ 2666-லோ நடைபோட்டுக்கொண்டிருக்கும். என்னிடம் ‘ஸ்லோ’ என்று வரும் மெஷின்களில் பாதிக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். பார்ப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை, டீ மட்டும்தான்.

கேள்வி: கேமிங் மெஷினுக்கு 600 வி.ஏ. யூபிஎஸ் போதுமா? வீட்டில் இன்வெர்ட்டரும் இருக்கிறது.
- திருவாரூர் வாசகர்

பதில்: வி.ஏ. வேறு, வாட் வேறு. 600 வி.ஏ. என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 5060 மாதிரி கார்டு வைத்த மெஷின், மானிட்டரோடு சேர்ந்து கேம் ஓடும்போது 300 வாட் பக்கம் இழுக்கும். கரண்ட் போகிற நொடியில் யூபிஎஸ் கத்திவிட்டு அதுவும் போய்விடலாம். 1000 வி.ஏ. வாங்குங்கள். அதுவும் சேமித்துவிட்டு அணைப்பதற்கு, ஆடுவதற்கு அல்ல.

இன்வெர்ட்டர் போதுமான அளவில் இருந்து, அதில் ‘யூபிஎஸ் மோடு’ சுவிட்சும் இருந்தால் அதைப் போட்டு முயன்று பார்க்கலாம். சாதாரண மோடில் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஒன்று மட்டும். யூபிஎஸ் மோடில் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே இறங்கினாலே அது பேட்டரிக்குத் தாவிவிடும். ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் தெருவில் வோல்டேஜ் எவ்வளவு என்று ஒரு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.