மோட்டார் சத்தமும் தேத்தண்ணியும்

கேள்வி: எனக்கு வயது 52. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் ஒட்டுக்கடையில் டின்பால் போட்டு ஆற்றிய தே தாரே இரண்டு குடிப்பது இருபது வருடப் பழக்கம். என் மோட்டார் சத்தம் கேட்டதுமே கடைக்காரர் ஆற்ற ஆரம்பித்துவிடுவார். போன வருடம் கிளினிக்கில் இனிப்புநீர் (நீரிழிவு) என்று சொன்னார்கள். கோயிலில் மூன்று முறை சத்தியம் செய்து நிறுத்திப் பார்த்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மனவுறுதி இல்லாத ஆள் என்கிறார் மனைவி. அப்படித்தானா?

பதில்: அண்ணே, அப்படி இல்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த மோட்டார் சத்தத்தைத்தான். நீங்கள் இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை, தேத்தண்ணி வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. அதற்குள் அங்கே குவளை நிறைகிறது. இருபது வருடத்தில் அந்தப் பழக்கம் ரோட்டு வளைவிலும் கடைக்காரர் கையிலும் போய் உட்கார்ந்துவிட்டது. அதைத் தனியாக உங்கள் மனசுக்குள் மட்டும் வைத்து அடக்கப் பார்த்தீர்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் என்ற மூளை ஆய்வாளரின் குழு, எலிகளைச் சாக்லேட் தேடி ஒரு கிளைப்பாதையில் ஓடவிட்டுப் பார்த்தது. புதிதில் வழி நெடுக மூளையின் உட்பகுதி ஒன்று விழிப்பாக வேலை செய்தது. பழகிய பிறகு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே துடிப்பு, நடுவில் அடக்கம். சாக்லேட்டை நிறுத்தினால் அந்தப் பழகிய துடிப்பு மங்கியது. மறுபடி வைத்ததும் பழையபடி திரும்பி வந்தது. நீங்கள் ஒரு வாரத்தில் திரும்பிப் போனதும் இந்த வகைதான்.

எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகும் விடியற்காலை நாலரைக்குக் கண் விழித்துவிடுவார். ஆனால் யார் சொல்லியும் விடாத வெற்றிலை, அங்கே வந்த சில மாதத்தில் தானாகவே நின்றுபோனது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பக்கத்தில் நின்று மடித்துக் கொடுத்த தோழி இந்தத் தாமானில் இல்லை. அவ்வளவுதான் காரணம். இதை நினைக்கும்போதெல்லாம், அம்மாவை எத்தனை முறை வீணாகத் திட்டினோம் என்று எனக்கு மனசு கனக்கும்.

உங்களை வீடு மாறச் சொல்லவில்லை. கடைக்குப் போவதையும் நிறுத்தாதீர்கள். வெயிலில் குலை வெட்டிவிட்டு வரும் ஆளுக்கு அந்த அரைமணி நேர உட்காரலும் நாலு பேர் பேச்சும் வேண்டும். தேடி வருவது பாதிக்கு மேல் அதைத்தான் என்று நினைக்கிறேன். ஒரு ஓய்வுநாள் காலையில், தாகமில்லாத நேரத்தில், கடைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். "இனி என் சத்தம் கேட்டால் தே ஓ கோசோங் போடுங்கண்ணே" என்று கேட்டுக்கொள்ளுங்கள். டின்பாலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சீனிதான் இருக்கிறது. கோசோங்கில் அதுவும் இல்லை, சீனியும் இல்லை. அதே சத்தம், அதே மேசை, அதே சூடு. முதல் சில நாள் கசக்கும். வீட்டில் அக்காவிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். திட்டுவதை விட்டுவிட்டு வீட்டுத் தேத்தண்ணியிலும் சீனியைக் குறைத்தால் உங்களுக்குப் பெரிய உதவி.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். 21 நாள் என்று பலர் சொல்வதை நம்பி மனம் உடைய வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு புதுப் பழக்கம் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அதனால் கல்யாண வீட்டில் ஒரு குவளை இனிப்பாகக் குடித்துவிட்டால், மறுநாள் சாயங்காலம் மறுபடி கோசோங். புதுச் சத்தியம் எதுவும் வேண்டாம்.

அப்புறம், மருந்தை மட்டும் கிளினிக்கில் கேட்காமல் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள் அண்ணே. அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது, எந்தத் தேதியிலிருந்து கோசோங்குக்கு மாறினீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.